மார்பகத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

தளர்ந்து இறங்கிய மார்பகத்தின் வடிவத்தைச் சீரமைத்து, முலைக்காம்பை மேல்நோக்கி இடம் மாற்றும் அறுவை சிகிச்சை மருத்துவ வழக்கில் ‘மாஸ்டோபெக்சி’ எனப்படுகிறது. மார்பகம் தளர்வது நோய் அன்று. அது உடலின் இயல்பான மாற்றம். ஆகவே இந்த அறுவை சிகிச்சையை உடனடியாகச் செய்துகொள்ள வேண்டிய மருத்துவக் கட்டாயம் எதுவும் இல்லை. செய்துகொள்வதும் செய்துகொள்ளாமல் இருப்பதும் முழுக்க உங்கள் விருப்பம்.

அவசரம் இல்லை என்பது உங்களுக்குச் சாதகமான ஒன்று. உடலைப் பரிசோதித்துக்கொள்ளவும், மருத்துவரின் தகுதியைச் சரிபார்க்கவும், கேள்விகள் கேட்கவும், வேண்டாம் என்று திரும்பி வரவும் உங்களுக்குப் போதிய காலம் உண்டு. அந்தக் காலத்தை எவ்வாறு பயன்படுத்திக்கொள்வது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மார்பகம் ஏன் தளர்கிறது?

மார்பகத்தினுள் தசை இல்லை. பால் சுரப்பிகள், கொழுப்பு, இணைப்புத் திசு ஆகியவற்றால் அது ஆனது. அவற்றைத் தாங்கி நிற்பவை வெளியே உள்ள தோலும், உள்ளே வலைபோல் படர்ந்துள்ள மெல்லிய நார்களும் ஆகும். இந்நார்களை விவரித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் அவை ‘கூப்பர் நார்கள்’ என வழங்கப்படுகின்றன. வயது கூடும்போது தோலின் மீள்தன்மை குறைகிறது, நார்களும் நீள்கின்றன. கருவுற்ற காலத்தில் பெரிதாகும் மார்பகம் பின்னர் சுருங்கும்போது, விரிந்த தோல் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. உடல் எடை மிகவும் கூடிக் குறையும்போதும் இதுவே நிகழ்கிறது.

உடற்பயிற்சி மார்பகத்தின் அடியில் உள்ள நெஞ்சுத் தசையை வலுப்படுத்தும். தளர்ந்த தோலைச் சுருக்காது. களிம்பு, எண்ணெய், மசாஜ் ஆகியவற்றாலும் இறங்கிய மார்பகம் மேலே ஏறுவதில்லை. அவ்வாறு உறுதியளிக்கும் விளம்பரங்களை நம்பிப் பணம் செலவிட வேண்டாம்.

தாய்ப்பால் கொடுத்தால் மார்பகம் தளர்ந்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை ஆராய்ந்தது. வயது, கூடுதல் உடல் எடை, கருவுற்ற எண்ணிக்கை, புகைப்பழக்கம் ஆகியவை தளர்வுடன் தொடர்புடையவை என்றும், தாய்ப்பால் கொடுப்பது அவ்வாறு தொடர்புடையது அன்று என்றும் அது கண்டறிந்தது. எனவே உடலழகைக் கருதித் தாய்ப்பாலை நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

தளர்வின் நிலைகள்

மருத்துவர்கள் தளர்வை அளவிட, பவுலா ரெக்னால்ட் என்ற அறுவை மருத்துவர் 1976 ஆம் ஆண்டில் வகுத்த முறையைப் பின்பற்றுகின்றனர். மார்பகத்தின் அடிப்பகுதி நெஞ்சோடு சேரும் மடிப்பு இம்முறையின் அளவுகோலாகும்.

- முதல் நிலை: முலைக்காம்பு அந்த மடிப்பின் மட்டத்தில் இருக்கும்.
- இரண்டாம் நிலை: முலைக்காம்பு மடிப்புக்குக் கீழே இறங்கியிருக்கும், எனினும் மார்பகத்தின் அடிவிளிம்புக்கு மேலே இருக்கும்.
- மூன்றாம் நிலை: முலைக்காம்பு மார்பகத்தின் அடிவிளிம்பிலேயே, கீழ்நோக்கி இருக்கும்.

எவ்வகை அறுவை சிகிச்சை பொருந்தும், தழும்பு எவ்வளவு நீளமாக இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்நிலையே தீர்மானிக்கிறது.

இந்த அறுவை சிகிச்சையால் என்ன கிடைக்கும்? என்ன கிடைக்காது?

மிகுதியாக உள்ள தோலை அகற்றி, உட்திசுவை மறுவடிவமைத்து, முலைக்காம்பை உயர்த்துவதே இச்சிகிச்சை. மார்பகம் உயர்ந்தும் இறுக்கமாகவும் தோன்றும். ஆனால் இச்சிகிச்சை மட்டும் மார்பகத்தின் அளவைப் பெரிதாக்காது. அளவைக் கூட்ட விரும்புவோருக்கு உள்வைப்பும், குறைக்க விரும்புவோருக்கு மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சையும் தனித்தனியே உள்ளன. கழுத்து வலி, தோள்பட்டை வலி, மார்பகத்தின் அடியில் தோல் புண் ஆகியவற்றால் நீங்கள் அவதியுற்றால், உங்களுக்குத் தேவைப்படுவது உயர்த்தும் சிகிச்சையா, குறைக்கும் சிகிச்சையா என்பதை மருத்துவரிடம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இதன் பயன் நிலையானது அன்று என்பதையும் அறிந்திருத்தல் அவசியம். அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் வயது கூடும். புவியீர்ப்பு விசையும் செயல்படும். சில ஆண்டுகளில் மார்பகம் மீண்டும் ஓரளவு தளரும். எடை மாற்றமும் மகப்பேறும் அதனை விரைவுபடுத்தும். தழும்போ காலப்போக்கில் மங்கினாலும் முற்றிலும் மறைவதில்லை. சுருங்கக் கூறின், சில ஆண்டுகள் நீடிக்கும் வடிவத்துக்காக வாழ்நாள் முழுவதும் இருக்கும் தழும்பை நீங்கள் ஏற்கிறீர்கள். இதனை அறிந்த பின்னரும் விரும்பினால் மட்டுமே மேலே செல்லுங்கள்.

அறுவை முறைகளும் தழும்புகளும்

- வட்ட முறை: முலைக்காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பில் மட்டும் கீறல் இடப்படும். லேசான தளர்வுக்கு இது பொருந்தும். தழும்பு குறைவு, உயர்த்தும் அளவும் குறைவு.
- செங்குத்து முறை: கருவட்டத்தைச் சுற்றியும், அங்கிருந்து கீழ் மடிப்பு வரை நேர்கோட்டிலும் கீறல் இடப்படும்.
- நங்கூர முறை: மேற்கண்ட இரண்டுடன், கீழ் மடிப்பின் நீளத்திற்கும் ஒரு கீறல் இடப்படும். மிகுந்த தளர்வுக்கும், எடை பெருமளவு குறைந்த பின் தோல் தொங்கும் நிலைக்கும் இது தேவைப்படலாம்.

சிறிய தழும்பு வேண்டும் என்பதற்காகப் பொருந்தாத முறையைத் தேர்ந்தெடுத்தால், வடிவம் சரியாக அமையாமல் மறு அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும்.

மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் தழும்பு தடித்து எழும்பும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்திலோ, அம்மைத் தழும்பிலோ, பழைய அறுவைத் தழும்பிலோ உங்களுக்குத் தடிப்பு வளர்ந்ததுண்டா என்று நினைவுகூருங்கள். ‘கீலாய்டு’ எனப்படும் அத்தகைய தடிப்பு உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே தெரிவியுங்கள்.

எப்போது தள்ளிவைப்பது நல்லது?

- இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், மகப்பேறு முடிந்த பின் செய்துகொள்வதே சிறந்தது. அடுத்த கருவுறுதல் சிகிச்சையின் பயனைக் குறைத்துவிடலாம்.
- தாய்ப்பால் கொடுத்து வந்தால், அதனை நிறுத்திச் சில மாதங்கள் கழித்து, மார்பகம் தன் நிலையான அளவை அடைந்த பின்னரே மருத்துவர் மதிப்பிட முடியும்.
- உடல் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தால், எடை நிலைபெறும் வரை காத்திருங்கள்.
- நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், ரத்தசோகை ஆகியவை கட்டுப்பாட்டுக்குள் வரும் வரை தள்ளிவையுங்கள்.
- மணமுறிவு, உறவினரின் மறைவு, மனச்சோர்வு ஆகிய சூழல்களில் இம்முடிவை எடுக்க வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் பலரால் தாய்ப்பால் கொடுக்க இயலும். எனினும் பால் சுரப்பு குறையக்கூடும்; முன்கூட்டியே எவரும் உறுதியளிக்க இயலாது. முலைக்காம்பை உட்திசுவிலிருந்து முற்றிலும் பிரித்து ஒட்டவைக்கும் முறையில் பால் நாளங்கள் துண்டிக்கப்படுகின்றன. உங்களுக்கு எம்முறை திட்டமிடப்படுகிறது என்பதைக் கேட்டறியுங்கள்.

முதலில் மார்பகப் பரிசோதனை

வடிவத்தை மாற்றுவதற்கு முன், மார்பகம் நலமாக உள்ளதா என்று அறிவதே முதற்பணி. மார்பகத்தில் கட்டி, ஒருபுறம் மட்டும் ஏற்பட்ட புதிய மாற்றம், தோல் சுருங்குதல் அல்லது குழிதல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், ரத்தம் கலந்த கசிவு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் அதனைத் தளர்வு என்று கருதிவிட வேண்டாம். அழகு சிகிச்சை மருத்துவரை அணுகும் முன், மார்பக நோய்களைப் பார்க்கும் அறுவை மருத்துவரை அணுகுங்கள்.

30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப் படம் எடுப்பது வழக்கம். தாய், சகோதரி, மகள் ஆகியோரில் எவருக்கேனும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால், வயது குறைவாக இருப்பினும் மருத்துவரிடம் கூறுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் உட்தழும்பும் சுண்ணாம்புப் படிவுகளும் ஊடுகதிர்ப் படத்தில் தென்படலாம். பழைய படம் கையில் இருந்தால், புதிய மாற்றம் எது என்பதை மருத்துவர் ஒப்பிட்டு அறிய முடியும். எனவே படங்களையும் அறிக்கைகளையும் பாதுகாத்து வையுங்கள். பிற்காலத்தில் மார்பகப் பரிசோதனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இந்த அறுவை சிகிச்சையைப் பற்றித் தவறாமல் தெரிவியுங்கள்.

உள்வைப்பும் சேர்த்துப் பரிந்துரைக்கப்பட்டால்

மேற்பகுதி வற்றியுள்ள மார்பகத்துக்குச் சிலிகோன் உள்வைப்பையும் சேர்த்து வைக்குமாறு சில மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. உள்வைப்பு வாழ்நாள் முழுவதற்குமானது அன்று; பிற்காலத்தில் அகற்றவோ மாற்றவோ மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகளுடன் தொடர்புடைய அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று கண்டறியப்பட்டதால், 2019 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவ்வகையைச் சேர்ந்த சில உள்வைப்புகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. உள்வைப்பின் நிறுவனம், வகை, வரிசை எண் ஆகியவை குறிக்கப்பட்ட அட்டையைக் கேட்டுப் பெறுங்கள். உள்வைப்பு வேண்டாம் என்று கூற உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவரையும் மருத்துவமனையையும் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவில் பிளாஸ்டிக் சர்ஜரி என்னும் ஒட்டுறுப்பு அறுவைத் துறையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான உயர்சிறப்புப் பட்டம் பெற்றவரா என்று பாருங்கள். மாநில மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்னும் பெயர்ப்பலகை அறுவை சிகிச்சைத் தகுதியைக் குறிப்பதன்று. அழகு நிலையங்களில் இச்சிகிச்சையை ஒருபோதும் செய்துகொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டில் மருத்துவமனைகள் 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காணக் கேளுங்கள். தகுதி பெற்ற மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

மருத்துவர் உங்களைப் பரிசோதிக்கும்போது பெண் செவிலியரோ உங்களுடன் வந்தவரோ உடனிருக்க வேண்டும் என்று கோரலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுப்பது மருத்துவ வழக்கம். அப்படங்கள் எங்கே வைக்கப்படும், எவர் பார்ப்பர், விளம்பரத்தில் பயன்படுத்தப்படுமா என்று கேளுங்கள். விளம்பரத்துக்கு இசைவு தர மறுப்பதால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

‘இன்றே முன்பணம் செலுத்தினால் தள்ளுபடி’ என்று அழுத்தம் தரப்பட்டால் அங்கிருந்து திரும்பி வருவதே நன்று. இயன்றால் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள்.

செலவும் காப்பீடும்

அழகுக்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சையை மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யப்படும் மறுசீரமைப்பு இதற்கு விதிவிலக்காகும். மருத்துவச் சேவைகளுக்குரிய ஜிஎஸ்டி விலக்கும் அழகு அறுவை சிகிச்சைக்குப் பொருந்தாது. மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து, அறை, பரிசோதனைகள், உள்ளாடை, மறுவருகை ஆகிய அனைத்தும் அடங்கிய மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். சிக்கல் ஏற்பட்டு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அச்செலவை எவர் ஏற்பார் என்பதையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதியில்லாதவர்களும் மருத்துவ ஆலோசனை பெறலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018 ஆம் ஆண்டில் மார்பக அழகு அறுவை சிகிச்சைகளை இலவசமாக வழங்கும் பிரிவு தொடங்கப்பட்டது. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவைத் துறையில், இப்போது எவ்வகைச் சிகிச்சைகள் கிடைக்கின்றன என்று கேட்டறியுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு ஆயத்தம்

புகைப்பிடிப்பவராயின் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள். பின்னரும் நான்கு வாரங்களுக்குத் தொடர்ந்து தவிருங்கள். நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இடம் மாற்றப்பட்ட முலைக்காம்புக்கு ரத்தம் செல்லாவிட்டால் அது அழுகிப்போகும் அபாயம் உண்டு. புகையிலை மெல்லுவதும் இவ்வாறே தீங்கானது. அதனை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரின், வலிநிவாரணிகள், ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள், கருத்தடை மாத்திரைகள், சித்த மருந்துகள், ஆயுர்வேத மருந்துகள், சத்து மாத்திரைகள் ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

2019-21 ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. ஆகவே ஹீமோகுளோபின் அளவைச் சில வாரங்களுக்கு முன்பே பார்த்துக் குறையிருப்பின் சரிசெய்யுங்கள்.

அறுவை சிகிச்சையன்று தாலிச் சங்கிலி, மூக்குத்தி, மெட்டி உள்ளிட்ட உலோக அணிகளை அகற்ற வேண்டியிருக்கும். நகப்பூச்சும் மருதாணியும் விரல் நுனியில் பொருத்தப்படும் ஆக்சிஜன் அளவுமானியைப் பாதிக்கக்கூடும் என்பதால் தவிருங்கள். உணவையும் நீரையும் எப்போது நிறுத்த வேண்டும் என்று மருத்துவமனை கூறும் நேரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின்

முழு மயக்க நிலையில் செய்யப்படும் இச்சிகிச்சை பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மணி நேரம் நீடிக்கும். அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். முதல் வாரத்தில் வலி, வீக்கம், கன்றிப்போதல் ஆகியவை இயல்பு. மருத்துவர் கூறும் தாங்கு உள்ளாடையைப் பல வாரங்கள் அணிய வேண்டும். கையை உயர்த்தாமல் அணிய, முன்புறம் கொக்கி உள்ள ரவிக்கை உதவும்.

அமர்ந்து செய்யும் பணிக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் திரும்பலாம். தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, குழந்தை ஆகியவற்றைத் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை தவிர்க்க வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்போரும் வீட்டில் துணையில்லாதோரும் உதவிக்கு ஒருவரை உறுதிசெய்த பின்னரே நாள் குறியுங்கள். மார்பகத்தின் இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். தழும்பு மங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஏற்படக்கூடிய சிக்கல்கள்

ரத்தக் கசிவு, தொற்று, காயம் ஆறத் தாமதமாதல், முலைக்காம்பின் உணர்ச்சி குறைதல் அல்லது கூடுதல், இரு மார்பகங்களும் வேறுபட்டிருத்தல், தடித்த தழும்பு ஆகியவை ஏற்படலாம். கொழுப்புத் திசு சிதைந்து கட்டிபோல் உறையக்கூடும். அதனைப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வேறுபடுத்தி அறியப் பரிசோதனை தேவைப்படும். முலைக்காம்பை இழத்தல், கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைதல், மயக்க மருந்தின் பக்கவிளைவு ஆகியவை அரிதெனினும் கடுமையானவை.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால், மறுவருகை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அணுகுங்கள்:

- ஒரு மார்பகம் மட்டும் விரைவாக வீங்குதல், வலி மிகுதல்
- காயத்திலிருந்து சீழோ ரத்தமோ வடிதல்
- 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல்
- முலைக்காம்பு நீலமாகவோ கருமையாகவோ மாறுதல்
- ஒரு கெண்டைக்காலில் வீக்கமும் வலியும்

மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

- என் மார்பகத் தளர்வு எந்நிலையில் உள்ளது? எம்முறையைப் பரிந்துரைக்கிறீர்கள்? ஏன்?
- தழும்பு எங்கே, எவ்வளவு நீளம் இருக்கும்? என் நிறத்தையொத்த தோலில் ஆறிய தழும்பின் படங்களைக் காட்ட முடியுமா?
- இச்சிகிச்சையை நீங்களே செய்வீர்களா? ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
- சிக்கல் ஏற்பட்டால் இரவில் எவரை அழைக்க வேண்டும்?
- செய்துகொள்ளாவிட்டால் எனக்கு ஏதேனும் தீங்கு உண்டா?

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பதே சரியான விடை. வேறு விடை கூறி அச்சுறுத்துபவரிடம் சிகிச்சை பெற வேண்டாம்.

இசைவுப் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்து, ஐயம் தீர்ந்த பின்னரே கையொப்பமிடுங்கள். கையொப்பமிட்ட பின்னரும், மயக்க மருந்து செலுத்தப்படும் வரை உங்கள் முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

முடிவு உங்களுடையது

கணவரோ பிறரோ வற்புறுத்துவதால் இச்சிகிச்சையை மேற்கொள்ள வேண்டாம். அதேபோல், நன்கு சிந்தித்து நீங்களே விரும்பி எடுத்த முடிவுக்காக வெட்கப்படவும் தேவையில்லை. உடல் தோற்றத்தைப் பற்றிய கவலை உறக்கத்தையும் அன்றாட வாழ்வையும் பாதிக்கும் அளவுக்கு இருந்தால், அறுவை சிகிச்சையால் மட்டும் அக்கவலை தீராது. முதலில் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பொதுவான மருத்துவ ஐயங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்களே. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.